தெருவில் கற்றார், மேடையில் வென்றார்!
உலக குத்துச்சண்டை வீரர் ஜாக் டெம்ப்சியின் கதை

நியூயார்க் நகரம். இரவு நேரம்.

முதியவர் ஒருவர் தனியாக வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டு இருந்தார். வயது 75-ஐ எட்டிவிட்டது.

திடீர் என்று பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. இரண்டு வாலிபர்கள் பாய்ந்து வந்து அவரைப் பிடிக்க முயன்றார்கள். வழிப்பறி ஆசாமிகள்!

கிழவர்தானே, எதிர்த்து என்ன செய்துவிடப் போகிறார் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

கணக்கு தப்பிவிட்டது. கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள்!

பாவம், அந்த வாலிபர்களுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. அவர்கள் கை வைத்தது ஜாக் டெம்ப்சி மீது! 1919-ம் ஆண்டு முதல் 1926-ம் ஆண்டு வரை, ஏழு ஆண்டுக் காலம், உலகக் குத்துச்சண்டைப் பட்டத்தை வைத்திருந்தவர் அவர்.

1970-களின் தொடக்கத்தில் நடந்த இந்தச் சம்பவத்தை, டெம்ப்சியே தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

விளையாட்டுக்காகச் சண்டை பழகியவர், நடுத்தெருவில் நிஜமான ஆபத்து வந்தால் சமாளிப்பாரா? பலர் மனதில் எழும் கேள்வி இது. இதற்குப் பதில் சொல்லத் தகுந்தவர் டெம்ப்சியைப் போல வேறு ஒருவர் கிடைப்பது அரிது. ஏன் என்றால், அவர் தெருவிலும் சண்டை போட்டவர்; மேடையிலும் சண்டை போட்டவர். இரண்டின் ருசியையும் கண்டவர். இரண்டிலும் அடிபட்டவர்!

ஏழைக் குடும்பம்

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் மனாசா என்று ஒரு சின்னஞ்சிறு ஊர். அங்கே 1895-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி டெம்ப்சி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் வில்லியம் ஹாரிசன் டெம்ப்சி. "ஜாக்" என்ற பெயர் பின்னால் வந்தது. அது எப்படி வந்தது என்பது தனிக்கதை.

குடும்பம் பெரியது. வருமானம் சிறியது. தந்தை ஓர் இடத்தில் நிலையாகத் தங்கவில்லை. வேலை தேடி ஊர் ஊராகப் போனார். மனைவி, மக்களும் அவர் பின்னால் போனார்கள்.

சிறுவன் டெம்ப்சிக்குப் பள்ளிக்கூடத்தைவிட வேலைதான் அதிகம் தெரியும். வயலில் பயிர் பறித்தார். செருப்புக்குப் பாலீஷ் போட்டார். சுரங்கத்தில் கூலி வேலை செய்தார்.

அண்ணன்மார் இருவர் குத்துச்சண்டை பழகியவர்கள். மூத்தவர் பெர்னி, தம்பிக்கும் கற்றுக் கொடுத்தார். அந்தக் காலத்துப் பயிற்சி விசித்திரமானது. தாடை உறுதியாக வேண்டும் என்பதற்காக, பைன் மரத்துப் பிசினை ஓயாமல் மெல்லச் சொன்னார். தோல் கிழியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, இறைச்சி ஊறிய உப்புத் தண்ணீரை முகத்திலும் கையிலும் பூசச் சொன்னார். தம்பி மறுபேச்சு இல்லாமல் செய்தார்.

சாராயக் கடையில் சவால்

16 வயதில் டெம்ப்சி வீட்டை விட்டுக் கிளம்பினார். கையில் காசு இல்லை. டிக்கெட் வாங்க வழி இல்லை. ஆகவே சரக்கு ரெயிலில் திருட்டுத்தனமாகப் பயணம் செய்தார்.

எப்படித் தெரியுமா? ரெயில் பெட்டிக்கு அடியில் இரும்புக் கம்பிகள் போகும். அதைப் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்துக்கு மேலே தொங்கியபடி போவார். கை நழுவினால் சக்கரத்துக்கு இரையாக வேண்டியதுதான். பனிக்காலத்தில் இரும்பு விரலைக் கடிக்கும். அப்படியும் போனார்.

இறங்கும் ஊரில் முதலில் போகும் இடம் சாராயக் கடை. குடிப்பதற்கு அல்ல, சண்டைக்கு!

கடைக்குள் நுழைந்து, இங்கே இருக்கும் எவரையும் என்னால் அடித்து வீழ்த்த முடியும் என்று சவால் விடுவார். மெலிந்த பையன். குரலோ பெண் குரல் போல் கீச்சென்று இருக்கும். சுரங்கத் தொழிலாளிகளும் மரம் வெட்டிகளும் நிறைந்த கடை அது. கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு ஒரு முரடன் எழுந்து வருவான். சண்டை நடக்கும். பந்தயப் பணம் கைமாறும். தொப்பியை நீட்டினால் நாலு காசு விழும். அன்றைய சாப்பாட்டுக்கு அதுதான் வழி.

அங்கே கையுறை கிடையாது. எடை பார்த்து ஜோடி சேர்ப்பது கிடையாது. மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை மணி அடித்து ஓய்வு கொடுப்பதும் கிடையாது. நடுவர் என்ற பேச்சே இல்லை. விழுந்தவன் எழுந்தால் மறுபடியும் வந்து அடிப்பான். ஆகவே, எழுந்திருக்கும்போதே அடிக்க வேண்டும்.

டெம்ப்சி அடித்த நாளும் உண்டு. அடிபட்ட நாளும் உண்டு. ஆனால், ஒரு பாடம் மட்டும் எலும்புக்குள் இறங்கிவிட்டது. எதிரி தரையில் கிடக்கிறான் என்பதற்காக விலகிப் போகக் கூடாது; பக்கத்திலேயே நிற்க வேண்டும்!

இந்தப் பாடம்தான் அவருக்குப் பட்டம் வாங்கித் தந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தப் பட்டம் திரும்பக் கைக்கு வந்த நேரத்தில், தட்டிப் பறித்ததும் இதே பாடம்தான்.

அண்ணனின் பெயர்

சாராயக் கடையிலிருந்து சின்னச் சின்ன மேடைகளுக்கு டெம்ப்சி முன்னேறினார்.

அண்ணன் பெர்னி, "ஜாக் டெம்ப்சி" என்ற பெயரில் மேடை ஏறி வந்தார். 19-ம் நூற்றாண்டில் அதே பெயரில் ஒரு பெரிய குத்துச்சண்டை வீரர் இருந்தார். அவர் ஞாபகமாக வைத்துக்கொண்ட பெயர் அது.

ஒரு நாள் பெர்னியால் சண்டைக்குப் போக முடியவில்லை. அண்ணனுக்குப் பதிலாகத் தம்பி மேடை ஏறினார். ஆள் மாறியதைக் கண்ட கூட்டம் கூச்சல் போட்டது. தம்பி அதைப் பொருட்படுத்தவில்லை. சண்டை போட்டார், ஜெயித்தார். அன்று முதல் அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

1916-ம் ஆண்டு பெரிய கனவோடு நியூயார்க் போனார். தங்க இடம் இல்லை. பூங்காவில் படுத்துத் தூங்கினார். ஜான் லெஸ்டர் ஜான்சன் என்ற பலசாலியோடு மோதியதில், அவருடைய விலா எலும்புகள் முறிந்தன. கனவும் முறிந்தது. மறுபடியும் சரக்கு ரெயில்!

அடுத்த ஆண்டு இன்னொரு அடி. யூட்டா மாநிலத்தில் ஜிம் பிளின் என்பவரோடு நடந்த சண்டையில், முதல் சுற்றிலேயே டெம்ப்சி சுருண்டு விழுந்தார். வெறும் முரட்டுத்தனம் மட்டும் இருந்தால் பழக்கப்பட்ட ஆட்டக்காரர் முன்னால் நிற்க முடியாது என்பது அப்போது விளங்கியது.

முரடர் வீரர் ஆனார்

1917-ம் ஆண்டில்தான் அவர் வாழ்க்கை திரும்பியது. ஜாக் கியர்ன்ஸ் என்ற கெட்டிக்கார மானேஜர் கிடைத்தார். இருவரும் சந்தித்ததே ஒரு சாராயக் கடைச் சண்டையில்தான் என்று சொல்வார்கள்.

கியர்ன்ஸ் அவரை வேளாவேளைக்குச் சாப்பிட வைத்தார். ஒழுங்காகப் பயிற்சி செய்ய வைத்தார். நல்ல ஆட்டக்காரர்களோடு நாள் தவறாமல் மோத வைத்தார்.

தெருவில் கிடைக்காத ஒன்று டெம்ப்சிக்கு இங்கே கிடைத்தது. தெருச் சண்டை என்பது எப்போதோ ஒரு தடவை வரும்; சில விநாடியில் முடிந்துவிடும். செய்த தப்பைத் திருத்திக்கொள்ள மறுவாய்ப்பு இருக்காது. பயிற்சிக் கூடத்திலோ, திருப்பி அடிக்கும் ஆள் தினமும் எதிரே நிற்பார். இன்று வாங்கிய அடியை நாளைக்கு வாங்காமல் இருக்கக் கற்றுக்கொள்ளலாம். அடி விழுந்தாலும் பதறாமல் இருக்கப் பழகலாம். மூச்சு வாங்காமல் நீடித்து நிற்கப் பழகலாம். எதிரியின் தோள் அசைவதைக் கண்டே குத்து வரும் திசையை அறியலாம்.

டெம்ப்சி உடலைக் குனிந்து, இடமும் வலமுமாக அசைந்தபடி எதிரியை நெருங்கக் கற்றார். அடிப்பதற்குக் கிடைக்காத தலை. எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாத குத்து! அவருடைய இடது கைக் குத்தைக் கண்டு எல்லோரும் நடுங்கினார்கள்.

1918-ம் ஆண்டில் மட்டும் சுமார் 20 சண்டைகள் போட்டார். பல சண்டைகள் முதல் சுற்றோடு முடிந்தன. தம்மை வீழ்த்திய ஜிம் பிளின்னை, ஓர் ஆண்டு கழித்து முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். பிரெட் புல்ட்டன் என்ற நெட்டை மனிதரை அரை நிமிடத்துக்குள் சாய்த்தார்.

மலை சாய்ந்தது

அப்போது உலகப் பட்டம் வைத்திருந்தவர் ஜெஸ் வில்லார்டு. உயரம் 6 அடி 6 அங்குலம். எடை 245 ராத்தல். அதாவது 111 கிலோ. டெம்ப்சியோ 187 ராத்தல், 85 கிலோதான். வித்தியாசம் 26 கிலோ!

1919-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி, டொலீடோ நகரில் இருவரும் மோதினார்கள். தீயாய்க் கொளுத்தும் வெயில்.

முதல் சுற்றிலேயே வில்லார்டு ஏழு தடவை தரையில் விழுந்தார்! விழுந்தவர் கை ஊன்றி எழுந்திருக்கும்போதே, பக்கத்தில் தயாராக நின்ற டெம்ப்சி அடித்தார். அந்தக் காலத்து விதிகள் அதைத் தடுக்கவில்லை. சாராயக் கடையில் கற்ற பாடம், உலக மேடையில் பலித்தது.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. சண்டை முடிந்துவிட்டது என்று எண்ணி டெம்ப்சி மேடையை விட்டே இறங்கிப் போய்விட்டார். ஆனால், சுற்று முடியும் மணி அடித்திருந்தது. கூட்டத்தின் இரைச்சலில் அது காதில் விழவில்லை. ஓடிப்போய் அவரைத் திரும்ப அழைத்து வந்தார்கள்! மூன்று சுற்று முடிந்ததும், நாலாவது சுற்றுக்கு வில்லார்டால் எழுந்து வர முடியவில்லை.

ரெயிலுக்கு அடியில் தொங்கிய பையன், 24 வயதில் உலக வீரர் ஆனார்.

கோழை என்ற பழி

பட்டம் வந்தது. கூடவே பழியும் வந்தது.

முதல் உலகப் போரில் டெம்ப்சி ராணுவத்தில் சேரவில்லை. குடும்பத்தைக் காப்பாற்றும் பொறுப்பு இருப்பதாகச் சொல்லி விலக்குப் பெற்றிருந்தார். கப்பல் கட்டும் இடத்தில் அவர் வேலை செய்வதுபோல் ஒரு படம் வெளியாகியிருந்தது. உழைப்பாளி உடை போட்டிருந்தார். காலிலோ பளபளப்பான ஜோடு! அந்தப் படம் ஊர் சிரிக்க இடம் கொடுத்தது.

முரடர்களை அடிக்கிறார், போர்க்களத்துக்குப் போகப் பயப்படுகிறார் என்று மக்கள் ஏசினார்கள். வழக்கும் தொடரப்பட்டது. 1920-ம் ஆண்டு கோர்ட்டு அவரைக் குற்றம் அற்றவர் என்று விடுதலை செய்தது. ஆனால், மக்கள் மனம் லேசில் மாறவில்லை.

1921-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி, பிரான்சு நாட்டு வீரர் கார்ப்பெந்தியேயுடன் சண்டை. அவர் போரில் விமானப் படையில் சேவை செய்து பதக்கம் பெற்றவர். அமெரிக்க மண்ணிலேயே, அமெரிக்கக் கூட்டம் பிரெஞ்சுக்காரருக்காக ஆரவாரம் செய்தது. சுமார் 80 ஆயிரம் பேர் திரண்டார்கள். குத்துச்சண்டை வரலாற்றில் முதல் தடவையாக 10 லட்சம் டாலருக்கு மேல் வசூல் ஆனது. நாலாவது சுற்றில் டெம்ப்சி ஜெயித்தார். ஆயினும், அவமானம் உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

மேடைக்கு வெளியே விழுந்தார்

1923-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி நடந்த சண்டையை இன்றும் பேசுகிறார்கள். எதிரி, அர்ஜெண்டினாவைச் சேர்ந்த லூயிஸ் பிர்ப்போ. காட்டெருமை போன்ற ஆள்.

முதல் சுற்றிலேயே பிர்ப்போ ஏழு தடவை விழுந்தார். ஏழு தடவையும் எழுந்தார். எழுந்து விட்ட குத்தில், டெம்ப்சி கயிறுகளுக்கு இடையே பறந்து போய் வெளியே விழுந்தார்! அங்கே உட்கார்ந்திருந்த பத்திரிகை நிருபர்கள் மேல் போய் விழுந்தார். அவர்கள் அவரைத் தூக்கி மேடைக்குத் தள்ளினார்கள்.

இரண்டாவது சுற்றில் பிர்ப்போவை டெம்ப்சி முடித்துவிட்டார். மொத்தச் சண்டையும் நாலு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது. டெம்ப்சி வெளியே விழும் காட்சியை ஜார்ஜ் பெல்லோஸ் என்ற ஓவியர் அடுத்த ஆண்டு தீட்டினார். அது புகழ்பெற்ற ஓவியம்.

அன்றும் டெம்ப்சி, விழுந்த எதிரியின் பக்கத்திலேயே நின்று, எழ எழ அடித்தார். இது நியாயமா என்று பலர் கேட்டார்கள். எதிரி விழுந்தால், அடித்தவர் தூரத்து மூலைக்குப் போய் நிற்க வேண்டும் என்ற விதி கண்டிப்பானதற்கு, டெம்ப்சியின் இந்த வழக்கமும் ஒரு காரணம் என்பார்கள்.

படித்தவர் வென்றார்

அதன் பிறகு மூன்று ஆண்டுகள் டெம்ப்சி பட்டத்துக்காக மேடை ஏறவே இல்லை. பணம் சேர்ந்தது. சினிமா நடிகை எஸ்டெல் டெய்லரை மணந்தார். உடம்பு சுகம் கண்டது.

1926-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி, பிலடெல்பியாவில் ஜீன் டன்னி என்பவர் எதிரே வந்து நின்றார். கடற்படைத் துருப்பில் வேலை பார்த்தவர். புத்தகப் பிரியர். டெம்ப்சி சண்டை போடும் முறையைப் பல ஆண்டுகளாகக் கூர்ந்து கவனித்து வந்தவர்.

கொட்டும் மழை. கூட்டம் 1,20,000 பேர்! டன்னி பின்வாங்கிப் பின்வாங்கி அடித்தார். டெம்ப்சியின் குத்து காற்றில்தான் போனது. பத்துச் சுற்று முடிவில் பட்டம் கைமாறியது.

வீங்கிய முகத்தோடு வந்த கணவரிடம், என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டார். குனிய மறந்துவிட்டேன் என்று டெம்ப்சி வேடிக்கையாகச் சொன்னார். 1981-ம் ஆண்டு துப்பாக்கிச் சூட்டில் காயம் அடைந்த அமெரிக்க ஜனாதிபதி ரீகன், ஆஸ்பத்திரியில் தம் மனைவியிடம் இதே பதிலைச் சொன்னார்!

வியப்பு என்னவென்றால், தோற்ற பிறகுதான் மக்கள் டெம்ப்சியை நேசிக்கத் தொடங்கினார்கள்.

நடுவர் பக்கம் திரும்பினார்

பட்டத்தை மீட்க வேண்டும் என்றால், முதலில் ஜாக் ஷார்க்கி என்பவரை வெல்ல வேண்டும். 1927-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி இருவரும் மோதினார்கள்.

ஏழாவது சுற்று. இடுப்புக்குக் கீழே டெம்ப்சி குத்துகிறார் என்று ஷார்க்கிக்குக் கோபம். நடுவரிடம் முறையிடத் தலையைத் திருப்பினார். அந்த ஒரு விநாடி போதும்! டெம்ப்சியின் இடது கை தாடையில் இறங்கியது. ஷார்க்கி எழுந்திருக்கவில்லை.

இங்கே சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஷார்க்கி மேடையிலேயே வளர்ந்த வீரர். தப்பு நடந்தால் கேட்பதற்கு நடுவர் இருக்கிறார் என்ற பழக்கம் அவருக்குள் ஊறியிருந்தது. டெம்ப்சிக்கு அந்தப் பழக்கம் இல்லை. சாராயக் கடையில் யாரிடம் முறையிடுவது?

பதினாலு விநாடி

ஆனால், இரண்டே மாதத்தில் கணக்கு நேர் ஆனது.

1927-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி. சிகாகோ நகரம். டன்னியுடன் மறுபடியும் சண்டை. ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம்.

எதிரி விழுந்தால் தூரத்து மூலைக்குப் போக வேண்டும். போன பிறகுதான் நடுவர் எண்ணத் தொடங்குவார். இந்த விதி இருவருக்கும் முன்கூட்டியே சொல்லப்பட்டது. டெம்ப்சிக்கும் நன்றாகத் தெரியும்.

ஆறு சுற்று வரை டன்னி முன்னணியில் இருந்தார். ஏழாவது சுற்றில் டெம்ப்சியின் குத்துகள் மழையாகப் பொழிந்தன. டன்னி கயிற்றில் சரிந்து, தரையில் உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கையில் அவர் விழுந்தது அதுதான் முதல் தடவை!

டெம்ப்சி என்ன செய்திருக்க வேண்டும்? மூலைக்கு ஓடியிருக்க வேண்டும். செய்யவில்லை. விழுந்தவர் பக்கத்திலேயே நின்றார்! போ, போ என்று நடுவர் சைகை காட்டினார். டெம்ப்சி கால் நகரவில்லை. மூளைக்கு விதி தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை. பதினாறு வயதில் எலும்பில் ஏறிய பழக்கம் அவரை அங்கேயே கட்டிப் போட்டது.

அவர் மூலைக்குப் போன பிறகுதான் நடுவர் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். ஒன்பது எண்ணும்போது டன்னி எழுந்துவிட்டார். உண்மையில் அவர் தரையில் இருந்தது சுமார் 14 விநாடி!

எழுந்த டன்னி பின்வாங்கி ஓடிச் சமாளித்தார். அடுத்த சுற்றில் டெம்ப்சியையே ஒரு தடவை தரை காண வைத்தார். பத்துச் சுற்று முடிவில் வெற்றி டன்னிக்கே. "நீண்ட எண்ணிக்கை" என்று உலகம் முழுவதும் பேசப்பட்ட சண்டை இதுதான்.

ஷார்க்கியை மேடைப் பழக்கம் கவிழ்த்தது. டெம்ப்சியைத் தெருப் பழக்கம் கவிழ்த்தது. எங்கே நிற்கிறோம் என்பதை உடம்பு ஒரு விநாடி மறந்தது. அவ்வளவுதான்!

பழி நீங்கியது

1929-ம் ஆண்டு பங்குச் சந்தை சரிந்தபோது டெம்ப்சியின் பணமும் பெருமளவு கரைந்தது. அவர் சோர்ந்து உட்காரவில்லை. 1935-ம் ஆண்டு நியூயார்க்கில் ஓட்டல் திறந்தார். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களுடன் கைகுலுக்கிப் பேசுவார். 1974-ம் ஆண்டு வரை அவருடைய ஓட்டல் நடந்தது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. அவருக்கு வயது 46. ராணுவத்தில் சேரப் போனார்; வயதைக் காட்டிச் சேர்க்க மறுத்தார்கள். கடலோரக் காவல் படை அவரை எடுத்துக்கொண்டது. இளம் வீரர்களுக்கு உடற்பயிற்சியும் கைச்சண்டையும் கற்றுக் கொடுத்தார்.

அந்தப் பயிற்சியை விளக்கி, படங்களோடு ஒரு புத்தகம் 1942-ம் ஆண்டு வெளியானது. அதில் இருந்தது மேடைக் குத்துச்சண்டை அல்ல. மேடையில் தடை செய்யப்பட்ட முரட்டுப் பிடிகளும் அடிகளும்! உயிருக்குப் போராடும் இடத்தில் மேடை விதி செல்லாது என்பதை டெம்ப்சி ஒளிக்கவில்லை.

1945-ம் ஆண்டு, 49 வயதில், ஒகினாவா தீவில் சண்டை நடந்தபோது, அவர் அங்கே கரை இறங்கினார். கோழை என்ற பழி அன்றோடு நீங்கியது.

அவர் சொன்ன பாடம்

1950-ம் ஆண்டு டெம்ப்சி இன்னொரு புத்தகம் எழுதினார். குத்துவது எப்படி, தற்காத்துக்கொள்வது எப்படி என்று விளக்கும் புத்தகம் அது.

புள்ளி சேர்ப்பதற்காக மட்டும் லேசாகத் தட்டித் தட்டி ஆடும் ஆட்டம், நிஜச் சண்டையில் கைகொடுக்காது என்பது அவர் கருத்து. கையை மட்டும் வீசினால் போதாது. கால் முன்னே விழ, உடம்பின் முழு எடையும் முட்டியின் பின்னால் வர வேண்டும். எதிரே ஆள் நின்று பழக வேண்டும்.

தெருச் சண்டைக்கும் மேடைச் சண்டைக்கும் உள்ள வித்தியாசத்தையும் அவர் எடுத்துச் சொன்னார். தெருவில் சுற்றும் இல்லை; ஓய்வும் இல்லை. சண்டை நீண்டால் ஆபத்தும் நீளும். ஆகவே, சீக்கிரம் முடிய வேண்டும்.

மற்ற வித்தியாசங்களும் சாமானியமானவை அல்ல. எதிரி ஒருவன் என்று நினைத்தால், அவன் கூட்டாளி பின்னால் வருவான். அவன் மடியில் கத்தி இருக்கலாம். மேடையில் விழுந்தால் தாங்குவதற்கு மெத்தை போன்ற விரிப்பு உண்டு. தெருவில் விழுந்தால் தலை மோதுவது கல்லில். ஒரே குத்தில் விழுந்து, மண்டை அடிபட்டு இறந்தவர்கள் எத்தனையோ பேர். குத்தியவன் ஜெயிலுக்குப் போகிறான்.

வெறுங்கையும் ஆபத்தானதுதான். குத்துச்சண்டைக் கையுறை எதிரியின் முகத்தைவிட, குத்துகிறவரின் விரல் எலும்பைத்தான் அதிகம் காக்கிறது. கையுறை இல்லாமல் மண்டையில் குத்தினால், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறிவது சகஜம்.

பயிற்சி பெற்றவருக்கு அடி பழக்கம், பயம் குறைவு, மூச்சு நிறைவு. பயிற்சி இல்லாத முரடனைவிட அவர் மேல். இதில் சந்தேகம் இல்லை. ஆனால், பயிற்சியோடு சேர்ந்து விதிகளும் உடம்பில் ஏறிவிடுகின்றன. தெருவில் அந்த விதி இல்லை என்பதை மறந்தவர், ஷார்க்கியைப் போல அடிபடுவார்.

75 வயதில் டெம்ப்சி மறக்கவில்லை. காலடிச் சத்தத்தைக் காது கவனித்தது. யாரிடமும் முறையிட நிற்கவில்லை. சண்டையை நீட்டவும் இல்லை. மேடையில் தேறிய கையும், தெருவில் தேறிய கண்ணும் சேர்ந்து வேலை செய்தன.

எதிரியே நண்பர்

14 விநாடி எண்ணிக்கையால் பட்டத்தை மீட்கும் வாய்ப்பு போன டெம்ப்சி, அதைச் சொல்லி யாரையும் திட்டவில்லை. தாம் நினைத்திருந்தால் இன்னும் முன்பே எழுந்திருக்க முடியும் என்று டன்னி சொல்லி வந்தார். டெம்ப்சி அதை மறுத்துப் பேசவில்லை. இருவரும் உயிர் நண்பர்கள் ஆனார்கள். 1978-ம் ஆண்டு டன்னி இறக்கும் வரை அந்த நட்பு நீடித்தது.

1950-ம் ஆண்டு அமெரிக்கப் பத்திரிகையாளர்கள், அந்த அரை நூற்றாண்டின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரராக டெம்ப்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1983-ம் ஆண்டு மே 31-ந் தேதி, 87 வயதில், நியூயார்க்கில் அவர் காலமானார்.

சாராயக் கடையில் அவரோடு மோதியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அன்று இரவு தெருவில் விழுந்த இரண்டு வாலிபர்களும் இருட்டோடு போய்விட்டார்கள். மேடையில், விதிக்குக் கட்டுப்பட்டு, அவரை அடித்து வீழ்த்திய மனிதர் மட்டும்தான் கடைசி வரை நண்பராக இருந்தார்.